பின்னாலிருந்து ரஷ்: பிற்கால ஆல்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ரஷ் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கும் என்று சொல்லிவிடலாம். 1976-இல் வந்த '2112', இல்லையென்றால் 1981-இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்'. அது எங்கே போய்ச் சண்டையாகும் என்பதையும் சொல்லிவிடலாம்: 2002-இல் வந்த 'வேப்பர் டிரெயில்ஸ்'. கனடாவின் டொரண்டோ நகரத்திலிருந்து கிளம்பிய இந்த மூவர் ராக் இசைக் குழு மொத்தம் 19 ஸ்டூடியோ ஆல்பங்கள் போட்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எண்பதுகளின் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். பழைய ரசிகர்களிலும் பலர் கடைசி ஆல்பங்களை வாங்கி, ஒரு தடவை கேட்டு, அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கடைசி ஆல்பங்களை ஒழுங்காகக் கேட்க ஒரு வழி சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்கால ரஷ்ஷை வெளிவந்த வரிசையில் கேட்கக் கூடாது. 'மூவிங் பிக்சர்ஸ்' மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டும் கேட்கக் கூடாது. 1997-க்குப் பிறகு வந்த மூன்று ஆல்பங்களும் ஒரே கதையின் மூன்று பகுதிகள். அந்தக் கதைக்குள் நுழையும் வாசல் முதல் பகுதியில் இல்லை.

இதற்கு அவர்களே ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறார்கள். 2015-இல் நடந்த 'ஆர்40' சுற்றுப்பயணத்தில் பாட்டுகளைத் தலைகீழ் வரிசையில் வாசித்தார்கள். கடைசி ஆல்பத்தில் தொடங்கி, வருடம் வருடமாகப் பின்னால் போய், 1974-இல் வந்த முதல் ஆல்பத்தின் 'வொர்க்கிங் மேன்' பாட்டில் முடித்தார்கள். மேடை அலங்காரமும் கூடவே கழன்றுகொண்டே வந்தது. முடிவில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலிமேல் ஆம்ப் (கிடாரின் ஒலிபெருக்கி) வைத்து வாசிக்கும் பையன்களாகி நின்றார்கள்.

முதல் படி: கோடு எங்கே என்று முடிவு செய்துகொள்ளுங்கள்

'பிற்காலம்' எங்கே தொடங்குகிறது என்பதிலேயே ரசிகர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. 1989-இல் 'பிரெஸ்டோ' ஆல்பத்தோடு மெர்க்குரி இசைத்தட்டு நிறுவனத்தை விட்டு அட்லாண்டிக்குக்குப் போனார்களே, அங்கிருந்து என்பார்கள் சிலர். கீபோர்டைக் குறைத்துக் கிடாரை முன்னால் கொண்டுவந்த 1993-இன் 'கவுண்டர்பார்ட்ஸ்' என்பார்கள் வேறு சிலர். நான் கோடு போடுவது 1997 ஆகஸ்டில்.

அந்த ஜூலையில்தான் 'டெஸ்ட் ஃபார் எக்கோ' சுற்றுப்பயணம் முடிந்திருந்தது. அடுத்த மாதம், குழுவின் டிரம்மரும் பாடலாசிரியருமான நீல் பியர்ட்டின் ஒரே மகள் செலீனா கார் விபத்தில் இறந்தாள். பத்து மாதம் கழித்து மனைவி ஜாக்குலின் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். மகளின் இறுதிச் சடங்கிலேயே பியர்ட் மற்ற இருவரிடமும், நான் ஓய்வு பெற்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வட அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். ஏறத்தாழ 88,000 கிலோமீட்டர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'கோஸ்ட் ரைடர்' 2002-இல் புத்தகமாக வந்தது.

பேஸ் கிடார் வாசித்துப் பாடும் கெடி லீயும், கிடாரிஸ்ட் அலெக்ஸ் லைஃப்சனும் அந்த நாட்களில் வேறு டிரம்மரைத் தேடவில்லை. ரஷ் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 2001 தொடக்கத்தில்தான் மூவரும் டொரண்டோ ஸ்டூடியோவில் மறுபடி ஒன்றாக உட்கார்ந்தார்கள். அதன் பிறகு வந்தவைதான் 'வேப்பர் டிரெயில்ஸ்' (2002), 'ஸ்னேக்ஸ் அண்ட் ஏரோஸ்' (2007), 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' (2012). நடுவில் 2004-இல், தங்கள் இளமையில் கேட்டு வளர்ந்த அறுபதுகளின் பாட்டுகள் எட்டை வாசித்து 'ஃபீட்பேக்' என்று ஒரு சின்னத் தட்டு போட்டார்கள். அது கச்சிதமான பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: 'ஸ்னேக்ஸ் அண்ட் ஏரோஸ்' வழியாக உள்ளே போங்கள்

ஏன் நடு ஆல்பம்? காரணம் எளிது. மூன்றில் காதுக்கு இதமாகப் பதிவானது இதுதான். பழைய ரஷ்ஷைத் தெரிந்தவருக்குக் கைபிடித்துக்கொள்ள இதில்தான் நிறைய இடம் இருக்கிறது. முதல் பாட்டு 'ஃபார் க்ரை'யின் தொடக்கத்தில் வந்து மோதுகிற கிடார் கார்டைக் (பல சுரங்களை ஒருசேர மீட்டுவது) கவனியுங்கள். 1978-இன் 'ஹெமிஸ்பியர்ஸ்' ஆல்பத்தைத் திறந்து வைத்த அதே கார்டு. பழைய ரசிகர்களுக்கு முதல் சில விநாடியிலேயே ஒரு சமிக்ஞை போய்விடுகிறது.

தயாரிப்பாளர் நிக் ரஸ்குலினெக்ஸ். இவர் சிறு வயதிலிருந்தே ரஷ் ரசிகர். நீங்கள் நீங்களாகவே இருங்கள், இன்னும் கொஞ்சம் அதிகமாக வாசியுங்கள் என்று தூண்டியவர். பிறகு 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' பதிவின்போது பியர்ட்டின் எதிரில் நின்று, இசைக்குழு நடத்துனர் மாதிரி கையை வீசி டிரம்ஸ் வாசிப்பை ஏற்றி இறக்கியிருக்கிறார். 'ஸ்னேக்ஸ் அண்ட் ஏரோஸ்' பதிவு நடந்தது நியூயார்க் மாநிலத்தில், கேட்ஸ்கில் மலைப் பகுதியிலுள்ள அலேர் ஸ்டூடியோவில்.

கேட்கும்போது இரண்டு விஷயங்களில் காதை வையுங்கள். ஒன்று, அக்கூஸ்டிக் கிடார். லைஃப்சன் இந்த ஆல்பத்தின் பாட்டுகளைப் பெரும்பாலும் அதில்தான் யோசித்திருக்கிறார். சத்தமான இடங்களிலும் அடியில் அந்த மரக் கிடார் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு, பாட்டு வரியே இல்லாத மூன்று உருப்படிகள். 'தி மெயின் மங்கி பிசினஸ்' மூவரும் சேர்ந்து விளையாடுவது. 'ஹோப்' லைஃப்சன் தனியாக, பன்னிரண்டு தந்திக் கிடாரில், இரண்டே நிமிடம். 'மலிக்னன்ட் நார்சிசம்' லீயின் பேஸுக்கும் பியர்ட்டின் டிரம்ஸுக்கும் நடக்கிற பேச்சு. ஊரையே அடைக்கும் அளவு டிரம் செட் வைத்திருந்த மனிதர் இதற்குச் நாலே டிரம் கொண்ட ஒரு சின்ன செட்டில் வாசித்திருக்கிறார். லீ கையில் இருந்தது ஃப்ரெட் (கழுத்தில் சுர இடம் காட்டும் உலோகக் கம்பிகள்) இல்லாத பேஸ். புதிதாக ஒருவரை ரஷ்ஷுக்குள் இழுக்க வேண்டுமென்றால் நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

அட்டைப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நம்மில் யார் பார்த்தாலும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்: பரமபதம்! தலைப்பு பியர்ட்டின் மனதில் ஷேக்ஸ்பியரின் ஒரு சொற்றொடரும் ஏணி–பாம்பு விளையாட்டும் கலந்து பிறந்தது. அப்புறம் அந்தப் பெயரில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தபோது, 'லீலா' என்ற பழைய இந்திய விளையாட்டு கையில் கிடைத்திருக்கிறது. அதில் பாம்பு இறக்கிவிடும், ஏணிக்குப் பதிலாக அம்பு ஏற்றிவிடும். மொத்தம் 72 கட்டங்கள். ஹரிஷ் ஜோஹரி என்ற இந்திய ஓவியர் வரைந்த லீலா பலகைதான் ஆல்பத்தின் முகப்பு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பாட்டி எடுத்து விரிக்கும் தாளின் ஒன்றுவிட்ட சகோதரம் அது.

இது வெறும் அலங்காரமும் இல்லை. ஆல்பம் முழுக்கப் பேச்சு நம்பிக்கையைப் பற்றியது: எது மனிதனை ஏற்றுகிறது, எது இறக்குகிறது. 'ஆர்மர் அண்ட் ஸ்வோர்ட்' பாட்டில் மதம் ஒரே சமயத்தில் கவசமாகவும் கத்தியாகவும் இருக்கிறது. 'ஃபெய்த்லெஸ்' கடவுள் நம்பிக்கை இல்லாதவனின் அமைதியான பிரகடனம். பியர்ட்டின் கருத்தோடு உங்களுக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. ஆனால் எழுபதுகளில் தத்துவத்தை உரக்கப் பிரசங்கம் செய்த அதே ஆள் இங்கே எவ்வளவு தயக்கத்தோடு எழுதுகிறார் என்பதைக் கவனித்தால், இடையில் நடந்தது என்ன என்று புரியும்.

நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் சோர்வாகத்தான் இருக்கும். 63 நிமிடம் இந்த ஆல்பத்துக்குக் கொஞ்சம் அதிகம். முதல் தடவை தாண்டிப் போனால் குற்றமில்லை.

மூன்றாம் படி: 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' – ஒரே மூச்சில், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு

இந்த ஆல்பத்தைத் துண்டு துண்டாகக் கேட்காதீர்கள். ரஷ் முழு நீளத்துக்கு ஒரே கதை சொன்ன முதல் ஆல்பம் இது, கடைசியும் இதுவே. '2112' கதைதானே என்று கேட்பீர்கள். அது இசைத்தட்டின் ஒரு பக்கம் மட்டும், இருபது நிமிடம். இங்கே 12 பாட்டு, 66 நிமிடம்.

கதை இதுதான். நீராவி இயந்திரங்களும் ரசவாதமும் ஆளும் ஓர் உலகம். எல்லாவற்றையும் நேரம் தவறாமல் நடத்திவைக்கும் ஒரு கடிகாரக்காரர். எல்லாம் நல்லதற்கே என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு கிராமத்துப் பையன் வீட்டை விட்டுக் கிளம்பி நகரத்துக்குப் போகிறான். அராஜகவாதி ஒருவனிடம் மாட்டுகிறான், திருவிழாக்காரர்களோடு சேர்கிறான், தங்க நகரங்களைத் தேடுகிறான், கப்பல்களை ஏமாற்றி உடைக்கும் கூட்டத்திடம் தப்பிக்கிறான். கடைசியில் ஒரு தோட்டம். வோல்டேரின் 'காண்டீட்' படித்தவர்களுக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். பியர்ட் அதை மறைக்கவும் இல்லை. கெவின் ஜே. ஆண்டர்சன் இதே கதையை நாவலாகவும் எழுதினார். நாவலைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஆல்பத்துக்கு அது தேவையில்லை.

கேட்கும் முறை: பாட்டு வரிகளை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், முதல் பாட்டு 'கேரவன்' தொடங்குவதற்கு முன் அட்டையை ஒரு நிமிடம் பாருங்கள். கடிகாரம் 9 மணி 12 நிமிடம் காட்டும். 24 மணிக் கணக்கில் அது 21:12. 1975-இலிருந்து இவர்களுக்கு அட்டை வடிவமைத்து வந்த ஹியூ சைம் வைத்த கண்சிமிட்டல் அது. இப்படியான பழைய எதிரொலிகள் இசையிலும் உண்டு. 'ஹெட்லாங் ஃப்ளைட்' ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) கேட்டதும் 1975-இன் 'பாஸ்டில் டே' ஞாபகம் வரும். மூவருக்கும் அறுபது வயது நெருங்கிய நேரத்தில் இப்படி ஓட முடிகிறதே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வயலின், செல்லோ கோர்வைகள் டேவிட் காம்பெல் எழுதியவை. 'தி அனார்கிஸ்ட்' பாட்டில் அவை கிடாரோடு மோதும். 'தி கார்டன்' பாட்டில் மெல்லக் கீழே விரியும். 'தி கார்டன்'தான் ரஷ் வெளியிட்ட கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. வாழ்க்கையில் கடைசியில் கணக்கில் வருவது எத்தனை பேரின் அன்பையும் மரியாதையையும் சம்பாதித்தோம் என்பதே என்கிறது அந்தப் பாட்டு. 2020 ஜனவரியில் பியர்ட் மூளைப் புற்றுநோயில் இறந்த பிறகு, இதைச் சாதாரணப் பாட்டாகக் கேட்கிற ரசிகர் யாரும் மிச்சமில்லை. லைஃப்சன் இதில் வாசிக்கும் சோலோவை (தனி வாசிப்பு) அவருடைய மிகச் சிறந்த சோலோக்களில் ஒன்றாக வைப்பவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கட்சிதான்.

ஒரு குறை உண்டு. ஒலி நெரிசல். எல்லாக் கருவியும் எப்போதும் முழுப் பலத்தோடு முன்னால் நிற்கும். அடுத்த படிக்குப் போகுமுன் உங்கள் காது இதற்குக் கொஞ்சம் பழகிவிடும் என்பதும் இந்த வரிசையின் ஒரு லாபம்.

நான்காம் படி: 'வேப்பர் டிரெயில்ஸ்' – இரண்டு வடிவங்களும்

இங்கேதான் சண்டை. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஐந்து வருட மௌனத்துக்குப் பிறகு 2002 மே மாதம் இது வந்தது. முதல் பாட்டு 'ஒன் லிட்டில் விக்டரி' பியர்ட்டின் டிரம்ஸோடுதான் தொடங்குகிறது: வேறு எதுவும் இல்லை, இரட்டை பேஸ் டிரம் மட்டும் தடதடவென்று. டிரம்மர் திரும்பி வந்துவிட்டார் என்று உலகத்துக்குச் சொல்ல இதைவிட நேரடியான வழி இல்லை. கீபோர்ட் கிடையாது. வழக்கமான கிடார் சோலோ தேடினாலும் கிடைப்பது அரிது. லைஃப்சன் கிடார்மேல் கிடாராக அடுக்குகிறார், லீ குரல்மேல் குரலாக அடுக்குகிறார். ஆரம்ப ஜாமிங்கில் (முன் தயாரிப்பின்றிச் சேர்ந்து வாசிப்பது) பதிவான வாசிப்புகளில் பலவற்றை, அந்த உயிர் மறுபடி வராது என்று, அப்படியே ஆல்பத்தில் வைத்துக்கொண்டார்கள்.

பிரச்சினை மிக்ஸிலும் (தனித்தனியாகப் பதிவானவற்றைக் கலப்பது) மாஸ்டரிங்கிலும் (வெளியிடுமுன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பு). அந்தக் காலத்தில் எல்லோரும் சிடியை மற்றவர்களுடையதைவிடச் சத்தமாக வெளியிடப் போட்டி போட்டார்கள். சத்தத்தை மேலே ஏற்ற ஏற்ற, மெல்லிய இடத்துக்கும் பலத்த இடத்துக்கும் உள்ள இடைவெளி நசுங்கும். உச்சம் வெட்டுப்பட்டுக் கரகரப்பு வரும். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசினால் யார் பேசுவதும் காதில் விழாதே, அந்த நிலைதான். ரசிகர்கள் புகார் சொன்னார்கள். குழுவும் பிறகு ஒப்புக்கொண்டது. 2009-இல் வந்த ஒரு தொகுப்புக்காக ரிச்சர்ட் சிக்கி இரண்டு பாட்டுகளை மட்டும் மறு மிக்ஸ் செய்தார். அவை கிளப்பிய ஆவலில் 2013-இல் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் ரீமிக்ஸ் செய்து வெளிவந்தது.

இரண்டையும் ஒப்பிடும்போது பலர் செய்வது இது: ஒன்றைப் போட்டுவிட்டு, வால்யூமைத் தொடாமல் மற்றதைப் போடுவது. அப்படிச் செய்தால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதுபோல் காது சொல்லும். முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்டால் அமைப்புகளில் 'வால்யூம் நார்மலைசேஷன்' இருக்கும், அதை இயக்குங்கள். கணினியில் கோப்பாக வைத்திருந்தால் பிளேயரில் 'ரீப்ளேகெய்ன்' போடுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் முழு ஆல்பத்தையும் வேண்டாம்; 'எர்த்ஷைன்', 'கோஸ்ட் ரைடர்' இரண்டை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். கண்ணாலும் பார்க்க ஆசையிருந்தால், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் போதும். 2002 வடிவத்தின் அலை ஏற்ற இறக்கமில்லாத கட்டையாக நிற்கும்.

எது மேல்? ரீமிக்ஸில் கருவிகள் தனித்தனியாகக் கேட்கின்றன, பின்னால் புதைந்திருந்த கிடார் இழைகள் வெளியே வருகின்றன, மூச்சு விட இடம் இருக்கிறது. முதல் தடவை கேட்பவருக்கு நான் அதைத்தான் தருவேன். ஆனால் மூல வடிவத்தை ஆதரிப்பவர்களை லேசில் தள்ளிவிட முடியாது. மகளையும் மனைவியையும் இழந்த ஒருவர் மறுபடி குச்சியைக் கையில் எடுத்து அடிக்கிற ஆல்பம் இது. அது சுத்தமாக, அழகாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அந்தக் கரடுமுரடே அதன் உண்மை என்பது அவர்கள் வாதம். 'கோஸ்ட் ரைடர்' பாட்டை மூல வடிவத்தில் கேட்கும்போது எனக்கும் அந்தப் பக்கம் மனம் சாயும். ரீமிக்ஸ் அந்த வெறியைக் கொஞ்சம் ஆற்றிவிட்டது உண்மைதான்.

ஒரு சின்ன உபரித் தகவல்: 'ஃப்ரீஸ்' என்ற பாட்டு, பயத்தைப் பற்றிய பழைய வரிசையின் நான்காம் பகுதி. முதல் மூன்று பகுதிகளும் 1981, 1982, 1984 ஆல்பங்களில் தலைகீழாக வந்தவை: முதலில் மூன்றாம் பகுதி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நான்கையும் எண் வரிசையில் அடுக்கிக் கேட்பது ரசிகர்களின் பழைய பொழுதுபோக்கு.

ஐந்தாம் படி: கோட்டுக்கு அந்தப் பக்கம்

இப்போது 1996-இன் 'டெஸ்ட் ஃபார் எக்கோ'வுக்குப் போகலாம். தரவரிசை போடச் சொன்னால் பலர் இதைக் கடைசியில் வைப்பார்கள். 'டாக் இயர்ஸ்' பாட்டுக்கு வக்காலத்து வாங்க யாரும் வருவதில்லை. இணையத்தைப் பற்றிய 'வர்ச்சுவாலிட்டி'க்கும் வயதாகிவிட்டது. ஆனாலும் இதைக் கேட்க வலுவான ஒரு காரணம் இருக்கிறது. உலகமே மேதை என்று கொண்டாடிய பியர்ட், இந்த ஆல்பத்துக்கு முன்னால் ஃப்ரெடி க்ரூபர் என்ற ஜாஸ் ஆசிரியரிடம் போய் மாணவனாக உட்கார்ந்தார். குச்சி பிடிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டார். அந்தப் பாடத்தைத் தன் 'எ வொர்க் இன் ப்ரோக்ரஸ்' வீடியோவில் அவரே விளக்கியிருக்கிறார். டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆல்பத்தோடு சேர்த்துப் பாருங்கள். மற்றவர்களுக்கு 'டிரிவன்', 'ரெசிஸ்ட்' இரண்டும் போதும்.

'கவுண்டர்பார்ட்ஸ்' அதைவிடப் பலமான ஆல்பம். 'அனிமேட்' பாட்டில் தொடங்குங்கள், தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆறாம் படி: மேடையில் கேளுங்கள்

'வேப்பர் டிரெயில்ஸ்' பாட்டுகள் ஸ்டூடியோவில் பிடிக்கவில்லை என்றால் தீர்ப்பு எழுதுமுன் 'ரஷ் இன் ரியோ' கேளுங்கள். 2002 நவம்பரில் மாரகானா மைதானத்தில் பதிவானது. பிரேசில் கூட்டம் வரியே இல்லாத உருப்படிக்கும் வாயால் பாடுகிறது! 2012 சுற்றுப்பயணத்தில் வயலின், செல்லோ வாசிப்பவர்களை மேடையிலேயே கூட வைத்துக்கொண்டார்கள். அந்தப் பதிவில் 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' பாட்டுகளுக்கு, ஆல்பத்தில் கிடைக்காத காற்றோட்டம் கிடைக்கிறது.

லீயின் குரல் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எழுபதுகளின் அந்தக் கீச்சுக் குரலைத் தேடாதீர்கள். ஸ்டூடியோவில் அவர் புதிய பாட்டுகளை வயதுக்கேற்ற சுருதியில் எழுதிக்கொண்டார். மேடையில் பழைய பாட்டுகள் வரும்போதுதான் திணறல் தெரியும். பிற்கால ஆல்பங்களில் அவர் பாடுவதை மட்டும் வைத்துப் பார்த்தால், பாடகராக அவர் முதிர்ந்தது இங்கேதான் என்பேன்.

ஏழாம் படி: சக ரசிகரோடு பேசும்போது

'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' உண்மையிலேயே மேதைமையா, அல்லது அது கடைசி ஆல்பம் என்பதால் நாம் தரும் இரக்க மதிப்பெண்ணா? இந்தக் கேள்வியை யாராவது கட்டாயம் கேட்பார்கள். 2012-இல் அது வந்தபோது கடைசி ஆல்பம் என்று யாருக்கும் தெரியாது. அப்போதே கனடாவில் முதலிடம், அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் இரண்டாமிடம், அடுத்த வருடம் கனடாவின் ஜூனோ விருது. இரக்கம் எங்கே வந்தது?

சோலோ இல்லை என்ற புகாருக்கு வேறு பதில். மூன்று பேர் மட்டும் உள்ள குழுவில் கிடாரிஸ்ட் சோலோவுக்குப் போனால் அடியில் பேஸும் டிரம்ஸும் மட்டும் மிஞ்சும். பழைய ரஷ்ஷின் அழகே அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது. 2002-இல் லைஃப்சன் அந்த வெற்றிடத்தை வேண்டுமென்றே நிரப்பினார். பிடிக்காமல் போகலாம், சோம்பலால் நேர்ந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

2025 அக்டோபரில் லீயும் லைஃப்சனும் ஜெர்மானிய டிரம்மர் அனிகா நீலஸோடு 2026-இல் மேடையேறப் போவதாக அறிவித்ததிலிருந்து பழைய விவாதமெல்லாம் மறுபடி சூடாகிவிட்டது. பியர்ட் இல்லாமல் அது ரஷ்ஷா என்பதில் தலையிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் புதிதாக டிக்கெட் வாங்கிய நண்பர் ஒருவர் பிற்கால ரஷ் கேட்க ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அவருக்கு இந்தப் பட்டியலைக் கொடுங்கள், இதே வரிசையில்: 'ஹெட்லாங் ஃப்ளைட்', 'தி அனார்கிஸ்ட்', 'ஃபார் க்ரை', 'ஆர்மர் அண்ட் ஸ்வோர்ட்', 'தி மெயின் மங்கி பிசினஸ்', 'ஹோப்', ரீமிக்ஸில் 'எர்த்ஷைன்', மூல வடிவத்தில் 'கோஸ்ட் ரைடர்', 'ஒன் லிட்டில் விக்டரி', அப்புறம் வரிசையை மீறி 'தி கார்டன்'.